காலருக்குள்ளே ஒரு கம்பி!

(மூன்றாம் ஆண்டு, ஆடைத் தொழில்நுட்பப் பிரிவு)



"தையலைப் பத்தி ஒரு கட்டுரை தர்றேன்" என்று மலர்க் குழுவிடம் நான் சொன்னதும், மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் சிரித்தான். "ஏன்டா, நாங்கெல்லாம் லேத்து, டர்பைன்னு எழுதறோம். நீ ஊசி நூலா?" என்றான். அப்போது அவன் போட்டிருந்த சட்டைக் காலரின் ஒரு முனை வானத்தையும் மறு முனை பூமியையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே, நண்பா, இந்தக் கட்டுரை முதலில் உனக்குத்தான்!

காலர் எப்படி நிற்கிறது?

உங்கள் சட்டைக் காலரை இரண்டு விரல்களால் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. நடுவிலே மூன்றாவதாக ஒன்று நழுவாமல் உட்கார்ந்திருக்கும். அதுதான் கேன்வாஸ். தொழிற்சாலையில் இன்டர்லைனிங் என்பார்கள், நம்ம ஊர் டெய்லருக்கு எல்லாமே கேன்வாஸ்தான். காலர், கஃப், பட்டன் பட்டி, ஜாக்கெட் கழுத்து, பேண்ட் இடுப்புப் பட்டி என்று துணி வளையாமல் நிற்கவேண்டிய இடத்திலெல்லாம் அது மறைந்திருந்து வேலை செய்கிறது.

சிவில் நண்பர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கான்கிரீட்டுக்குள் கம்பி எதற்கோ, காலருக்குள் கேன்வாஸ் அதற்கு. கம்பியும் கான்கிரீட்டும் ஏன் ஒத்துப்போகின்றன? சூடு ஒரு டிகிரி ஏறினால் இரண்டுமே பத்து லட்சத்தில் ஏறக்குறைய 10 முதல் 12 பங்குதான் விரிகின்றன. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிந்தால் பிடிப்பு விட்டுப்போகும், வெடிப்பு வரும். துணிக்கும் கேன்வாஸுக்கும் இதே சட்டம்தான். இங்கே சூட்டுக்குப் பதில் தண்ணீர், விரிவுக்குப் பதில் சுருக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சட்டத்தை நான் வகுப்பில் கற்கவில்லை. நாலு சட்டையைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்!

நாலு சட்டைக் கதை

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊர். அம்மா வீட்டிலேயே தைக்கிறார்கள். காலருக்குப் பருத்திக் கேன்வாஸை மீட்டர் கணக்கில் வாங்கி வந்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, தேய்த்து, அப்புறம்தான் வெட்டுவார்கள். நான் இரண்டாம் ஆண்டு போயிருந்தேன். நாலு எழுத்துப் படித்தவன் சும்மா இருப்பானா?

"இந்தக் காலத்துல யாரும்மா கேன்வாஸை ஊறவைக்கிறாங்க? ஒட்டு கேன்வாஸ் வந்தாச்சு. வை, தேய், தை. முடிஞ்சுது வேலை!"

எதிர்வீட்டு அண்ணனுக்கு அப்போதுதான் வேலை உத்தரவு வந்திருந்தது. வேலைக்குப் போட்டுப்போக நாலு டெரிகாட்டன் சட்டைகள் தைக்கக் கொடுத்திருந்தார். நான் கடைவீதியில் எடைக்கு விற்கும் ஒட்டு கேன்வாஸ் துண்டுகளை வாங்கி வந்தேன். அயர்ன் பாக்ஸால் சர்சர்ரென்று இழுத்துத் தேய்த்தேன். நாலு காலரும் ஒரே மாலையில் தயார். பலகை மாதிரி நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

பத்தே நாளில் அண்ணன் பையோடு வந்தார். "ஏனுங்க அக்கா, ஒரு தண்ணிதான் போட்டோம், காலரு இப்படி ஆயிப்போச்சுங்க" என்றார். பொரித்த அப்பளம் மாதிரி நாலு காலரிலும் கொப்பளம். அவர் சண்டை போடவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. அம்மா ஒரு காலரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நனைச்சியா கண்ணு?"

நான் பதில் சொல்லவில்லை.

அன்று இரவு அம்மா நாலு காலரையும் பிரித்தார்கள். கேன்வாஸை உரித்தால் துணியில் பசைத் தழும்பு. அதனால் அதே துணியில் கைக்காசு போட்டுப் புதிதாக வாங்கி, வெட்டி, தைத்துக் கொடுத்தார்கள். அந்த நாலு சட்டைக் கூலி, என் பரீட்சைக் கட்டணத்துக்கென்று எடுத்துவைத்த பணம். அந்தப் பருவத்தில் நான் அபராதத்தோடுதான் கட்டணம் கட்டினேன். ஏன் என்று கேட்ட நண்பர்களுக்கு அன்று ஏதோ பொய் சொன்னேன். இதோ, உண்மையை இன்று மலரிலேயே அச்சடித்துவிட்டேன்!

எங்கே தப்பு?

பிரித்த காலர் ஒன்றை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். எங்கள் ஆசிரியர் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழுத்தம் கொடுத்தே?" என்றார். விழித்தேன். கணக்குப் போடச் சொன்னார். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒட்டு கேன்வாஸின் ஒரு பக்கம் பொடிப்பொடியாகப் பசைப் புள்ளிகள் இருக்கும். அவை பிளாஸ்டிக் வகை. சூட்டில் இளகி, அழுத்தத்தில் துணிக்குள் இறங்கி, ஆறியதும் இறுகும். சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒட்டு. சட்டைக் காலர் கேன்வாஸில் பெரும்பாலும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பசை இருக்கும். அது 130 டிகிரி செல்சியஸ் அளவில் இளகும். ஆனால் இளகினாலும் கெட்டியாகத்தான் நகரும், துணிக்குள் தள்ள நல்ல அழுத்தம் வேண்டும். தொழிற்சாலை எந்திரம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ, அதற்கு மேலும் அழுத்தும். நம் அயர்ன் பாக்ஸின் அடிப்பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். 15 கிலோ பாரம் போட்டு அமுக்கினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோதான். இருபதில் ஒரு பங்கு! நான் அமுக்கக்கூட இல்லை, இழுத்துத் தேய்த்தேன். ஒட்டினது மாதிரி இருந்ததே தவிர, ஒட்டவில்லை.

அடுத்த தப்பு, அம்மா கேட்டது. மேலே டெரிகாட்டன், அவ்வளவாகச் சுருங்காது. உள்ளே பருத்திக் கேன்வாஸ், முதல் தண்ணீரிலேயே சுருங்கும். 100 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் சுருங்கினால், 40 சென்டிமீட்டர் காலருக்கு 1.2 சென்டிமீட்டர். ஏறக்குறைய அரை அங்குலம். மேல் துணியில் மிச்சமாகும் அந்த அரை அங்குலம் எங்கே போகும்? ஒட்டாத இடம் பார்த்துக் கொப்பளமாகப் புடைக்கும்.

எலக்ட்ரிகல் நண்பர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். அயர்ன் பாக்ஸுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளைச் சேர்த்து ஒட்டினால், சூட்டில் அது வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். அங்கே வளைவது நமக்கு உதவி, காலரில் வளைந்தால் உபத்திரவம்!

எதற்கு எது?

கேன்வாஸைச் சேர்ப்பதில் இரண்டு வகை: தைத்து வைப்பது, ஒட்டி வைப்பது. செய்த விதத்தில் மூன்று: நெய்தது, பின்னியது, இரண்டுமில்லாமல் இழைகளைப் பரப்பிக் காகிதம் போல ஒட்ட வைத்தது. கடைசியைப் 'பேப்பர் கேன்வாஸ்' என்பார்கள். 1948-இல் ஜெர்மனியில் ஃப்ராய்டன்பெர்க் என்ற நிறுவனம் அதை 'ஃப்ளீசெலீன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிப்படையில் அது தோல் பதனிடும் கம்பெனி. தோலுக்கு மாற்றுத் தேடப்போய்க் கிடைத்த பொருள் காலருக்குள் நுழைந்தது! சரி, வீட்டில் தைப்பவர்கள் எதை வாங்குவது?

1. பருத்திச் சட்டைக் காலர், கஃப்: நெய்த பருத்திக் கேன்வாஸ். ஊறவைத்துக் காயவைத்துத் தைத்துச் சேர்ப்பதே உத்தமம். துணியின் நேர் நூல் எந்தத் திசையோ, கேன்வாஸின் நேர் நூலும் அதே திசையில் இருக்கவேண்டும். ஒட்டுவதானால், வீட்டு அயர்னுக்கே ஒட்டும் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

2. டூ பை டூ ரூபியா ஜாக்கெட் கழுத்து: மெல்லிய துணிக்குத் தடித்த கேன்வாஸ் கூடாது. மெல்லிய பேப்பர் கேன்வாஸ் போதும். அதுவும் வேண்டாம் என்றால், அதே துணியில் இன்னொரு மடிப்பு வைத்தாலே கழுத்து நிற்கும்.

3. பட்டு, ஜரிகை: சூட்டோடு விளையாடாதீர்கள். பட்டு பழுக்கும், பிளாஸ்டிக் படல ஜரிகை சுருண்டுபோகும். தைத்து வைக்கும் மெல்லிய துணியே பத்திரம்.

4. பனியன் துணி: பின்னிய கேன்வாஸ் மட்டும்தான். நெய்ததை ஒட்டினால் கழுத்து நீளாது. சட்டை தலைக்குள் நுழையாது!

5. பை, தொப்பி, பெல்ட்: பக்ரம் என்ற மொடமொட துணி. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய பக்ரம் தண்ணீர் பட்டால் தொய்ந்துவிடும். துவைக்கும் உடைக்கு வேண்டாம்.

பொது விதி ஒன்று உண்டு. கேன்வாஸ் துணியைவிடக் கனமாக இருக்கக்கூடாது. துணியையும் கேன்வாஸையும் சேர்த்துச் சுட்டுவிரல் மேல் மடித்துப் பாருங்கள். வாழையிலை மாதிரி வழவழவென்று வளைந்தால் சரி. அட்டை மாதிரி முனை முறிந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒட்டும் முறை

பசைப்பக்கம் துணியின் உள்பக்கத்தில் படட்டும். மேலே மெல்லிய ஈரத்துணி. அயர்ன் பாக்ஸை இழுக்கவேண்டாம்! வைத்து அமுக்கி, மனசுக்குள் 10 முதல் 15 வரை நொடிகளை எண்ணி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். சூட்டு அளவு வேண்டுமா? உடையில் தைத்திருக்கும் குறிப்புச் சீட்டின் அயர்ன் படத்தில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு நடுத்தரம், மூன்று அதிகம். அதுதான் அந்தத் துணிக்கு உச்சவரம்பு. ஒட்டி முடித்ததும் ஆறும்வரை கையில் எடுக்காதீர்கள். பசை ஆறும்போதுதான் பிடிக்கிறது. வெல்டிங் செய்த உடனே யாராவது இழுத்துப் பார்ப்பார்களா?

ஒரு துண்டு, ஒரு தண்ணீர்

எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தைப்பதற்கு முன், 10 சென்டிமீட்டர் சதுரத்தில் கேன்வாஸ் ஒன்று, துணி ஒன்று தனித்தனியாக வெட்டுங்கள். இரண்டையும் ஒட்டிய துண்டு ஒன்று தயார் செய்யுங்கள். மூன்றையும் வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காயவைத்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். துணியும் கேன்வாஸும் ஒரே அளவு சுருங்கியிருந்து, ஒட்டிய துண்டில் கொப்பளம் இல்லை என்றால் கத்தரியை எடுக்கலாம். வித்தியாசம் இருந்தால், சுருங்குவதை முதலில் நனைத்துச் சுருக்குங்கள். ஆனால் ஒட்டு கேன்வாஸை வெந்நீரில் போடவேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நிழலில் காயவைத்தால் போதும். தேய்த்தால் பலகையோடு ஒட்டிக்கொள்ளும்!

இப்போது எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு கேன்வாஸ் துண்டு, பின் அடித்தது. கீழே அம்மாவின் கையெழுத்தில் 'முன்னே 10, பின்னே 9.7'. ஸ்கேல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். நனைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அம்மா. எதிர்வீட்டு அண்ணன் இன்றும் எங்களிடம்தான் தைக்கிறார். நான் தொட்ட சட்டையா என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறார்!

மெக்கானிக்கல் நண்பா, உன் சட்டையைக் கொண்டு வா. வானம் பார்த்த காலரை மாற்றித் தருகிறேன். கூலி கேன்டீனில் ஒரு டீ, ஒரு பன். ஆனால் அன்றைக்கே கிடைக்காது. கேன்வாஸ் ஒரு ராத்திரி ஊறவேண்டும்.