முந்திரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்ததா?

“ராத்திரி மேற்கால பெரிய நெருப்புப் பந்து போச்சுண்ணே. நம்ம முந்திரிக்காட்டுக்கு அந்தப் பக்கந்தான் விழுந்திருக்கும்” என்று ஆண்டிமடம் டீக்கடையில் ஒரு தம்பி சொன்னால், அவர் பார்த்தது நிஜம்தான். விழுந்த இடம் மட்டும் அங்கே இல்லை.

கையை நேராக நீட்டி விரல்களை மடக்குங்கள். அடிவானத்துக்கு மேல் அந்த ஒரு கைப்பிடி உயரம், ஏறக்குறைய 10 பாகை. எரிகல் அங்கே அணைந்தது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு மேலே 30 கி.மீ. உயரத்தில் அணைந்திருந்தால், அந்த இடம் நமக்கு 170 கி.மீ. தள்ளி இருக்கும். ஆண்டிமடத்திலிருந்து நேர் மேற்கே அவ்வளவு போனால் ஈரோட்டுப் பக்கம் வந்துவிடும்! இருட்டில் தூரம் பார்க்கக் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. வெளிச்சம் பெரிதாக இருந்தால் பக்கத்தில்தான் என்று மனசு முடிவுகட்டிவிடும்.

வெள்ளியைவிடப் பிரகாசமாக எரிந்தால் அது தீப்பந்து. வினாடிக்குக் குறைந்தது 11 கி.மீ. வேகத்தில் வருகிற கல்லுக்கு முன்னால் காற்று விலக நேரமில்லாமல் நசுங்கிக் கொதிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே சங்கதி. மிச்சமிருக்கும் கல், வேகம் தணிந்து, ஒளியே இல்லாமல் சில நிமிடம் இருட்டில் விழும். எரிந்துகொண்டே தரையைத் தொடுவதில்லை.

சத்தம் பின்னால்தான் வரும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் எரிகல் வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலோரம் நின்ற பலரை, பின்னால் வந்த அதிர்வில் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் கிழித்தன. காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். பெரிய வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணாடியை விட்டு விலகுங்கள்.

நம் மாநிலத்திலும் விழுந்திருக்கிறது. 2008 செப்டம்பர் 12 காலையில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்த கற்கள் சுமார் 110 கிலோ. அவை இரும்பு குறைந்த வகை; செல்யாபின்ஸ்க் கல்லும் அதே வகைதான்.

அதனால் அந்தத் தம்பி சொல்வதை யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். மணி என்ன, எந்தத் திசை, எத்தனை கைப்பிடி உயரத்தில் தொடங்கி எங்கே அணைந்தது, எத்தனை வினாடி என்று அப்போதே எழுதச் சொல்லுங்கள். இதையே சேலத்தில் இன்னொருவரும் எழுதியிருந்தால், இருவர் சொன்ன திசைகளையும் வரைபடத்தில் கோடாக இழுக்கலாம்; இரண்டு கோடுகளும் வெட்டுகிற இடம் தெரிந்துவிடும். ஒரு நிமிடத்துக்கும் மேலாக, துண்டு துண்டாக, மெதுவாக ஊர்ந்ததென்றால் அநேகமாக ராக்கெட் மிச்சம்; 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிர வானத்தில் பார்த்தது அதுதான்.

கல்லே கிடைத்தால் கழுவாமல் சுத்தமான தாளில் சுற்றி வட்டாட்சியரிடம் கொடுங்கள்; இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அவர் தகவல் சொல்வார்.