பழைய ஜெனரேட்டர் வாங்குமுன் சைக்கிளைப் பாருங்கள்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் வயல் செய்யும் உறவுக்காரருக்காக, வெளிநாட்டுப் பழைய டீசல் ஜெனரேட்டர் வாங்கலாமா என்று தோட்டத்தில் சிலர் எங்களிடம் விசாரிக்கிறார்கள். விலை மலிவுதான். ஆனாலும் முதலில் மெசினில் அடித்திருக்கும் தகட்டை வாசிக்க வேணும்.

நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவில் 60. ஜப்பானில் இரண்டும் உண்டு. 1890களில் டோக்கியோ ஜெர்மன் மெசினையும் ஒசாக்கா அமெரிக்க மெசினையும் வாங்கிப் போட்டதால் வந்த பிரிவு, இன்றும் தீரவில்லை.

60 சைக்கிளில் நமது தண்ணீர் மோட்டர் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். நல்லதுதானே என்று நினைக்க வேணாம். பம்ப் இழுக்கும் சக்தி ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். மோட்டர் சூடேறிக் கருகும். விதைத்த வயலுக்குத் தண்ணீர் நின்றால் அந்தப் போகமே போச்சு.

மாற்ற முடியுமா? முடியும். நான்கு துருவ மெசின் நிமிடத்துக்கு 1800 சுற்றுச் சுற்றினால் 60 சைக்கிள், 1500 என்றால் 50. எஞ்சின் கவர்னரில் வேகத்தைக் குறைக்க வேணும். அதோடு விட்டால் போதாது. வோல்டேஜைப் பார்த்துக்கொள்ளும் ஏ.வி.ஆர். பெட்டியையும் 50க்கு மாற்றி வைக்க வேணும். இல்லாவிட்டால் வோல்டேஜ் இறங்கும், அல்லது சுருள் சூடாகும். வேகம் குறைய சக்தியும் குறையும்: 60இல் 12 கே.வி.ஏ. என்றால் 50இல் 10 என்றே கணக்கு வையுங்கள்.

காதால் கேட்டு வேகம் வைக்கும் பாஸிடம் கொடுக்காதீர்கள். மீட்டர் வைத்து, மோட்டரை ஓடவிட்டு, 50 நிற்கிறதா என்று பார்ப்பவரிடம் கொடுங்கள். 50க்கு ஒத்துவரும் ஏ.வி.ஆர். கிடைக்காத மெசின் என்றால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.