படவேட்டில் மரம் பார்க்க ஒரு நடை

படவேடு என்றதும் நமக்கு ரேணுகாம்பாள் கோயிலும் ஆடி வெள்ளிக் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். வரலாறு படித்தவர்கள் சம்புவராயர் தலைநகரம் என்பார்கள். மரம் பார்க்கவென்று அங்கே போகிறவர்கள் குறைவு. போக வேண்டும். வாழைத்தோட்டங்களைத் தாண்டி, கமண்டல நாகநதியை ஒட்டிச் செண்பகத்தோப்புப் பக்கம் நடந்தால், அடிவாரத்திலேயே ஜவ்வாது மலைக்காடு தொடங்கிவிடும்.

ஓடைக்கரையில் நீர்மருதைப் பாருங்கள். வெளிறிய வழவழப்பான பட்டை தகடு தகடாக உரிந்திருக்கும். அடியில் உதிர்ந்து கிடக்கும் காயை எடுத்தால் ஐந்து சிறகுகள். பெருக்கெடுக்கும் ஓடையில் கரை சரியாமல் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான்.

வேர் என்றதும் இன்னொரு மரம் நினைவுக்கு வருகிறது. கன அளவில் உலகிலேயே பெரிய மரம் கலிபோர்னியாவில் நிற்கும் ஜெனரல் ஷெர்மன் என்ற செக்வோயா. உயரம் கிட்டத்தட்ட 84 மீட்டர், வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். செக்வோயாவின் வேர் ஆழமாக இறங்காது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மண் இறுகி வேருக்கு நீரும் காற்றும் போகாது. நம் ஊரில் பழைய ஆலமரத்தையும் அரசமரத்தையும் சுற்றி அடிமரம் வரை சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டுகிறோம். பக்தியோடு செய்தாலும் மரத்துக்கு அது கேடு.

தீ விஷயம் வேறு. செக்வோயாவின் பட்டை இரண்டடி கனம்கூட இருக்கும். தீயின் சூட்டில்தான் அதன் காய்கள் நன்றாக விரிந்து விதை கொட்டும். அந்த மரமே 2020, 2021 பெருந்தீக்களில் ஆயிரக்கணக்கில் மடிந்தது. ஜவ்வாதின் சந்தனத்துக்கு அந்தக் கவசமும் இல்லை. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சி வளரும் மரம் அது. பழத்தைத் தின்ற பறவை புதருக்குள் போடும் விதை அங்கேயே முளைக்கும். புதர் எரிந்தால் கன்றும் போயிற்று. நன்றாக வைரம் பாய 30 ஆண்டுகளாவது வேண்டும். திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்குக்குப் பெயர் வாங்கித் தந்த மலை இது. கடத்தல்காரர்கள் வெட்டியது போக மிஞ்சியவை பெரும்பாலும் இளமரங்களே. நம் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் பெருமரங்கள் இன்று முழங்கால் உயரத்தில் நிற்கின்றன என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

2018 மார்ச்சில் குரங்கணி மலைக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. எனவே காட்டுக்குள் நுழையும் முன் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். மாசி தொடங்கிச் சித்திரை வரை சருகு காய்ந்து கிடக்கும். அப்போது போகாமல், மழை முடிந்த மார்கழி, தையில் போங்கள். போட்ட தடத்தை விட்டு இறங்காதீர்கள். தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.