ஆனமுடிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி: தேதி, டிக்கெட், அடையாள அட்டை

"பரீட்சை முடிஞ்சதும் மூணாறு போய் ஆனமுடி ஏறிட்டு வரலாமா?" மார்ச் மாதம் வந்தால் உழவர்கரை, மூலக்குளம், ரெட்டியார்பாளையம் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். மார்ச்சில் போனால் பூங்கா மூடியிருக்கும். வேறு மாதத்தில் போனாலும் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள்.

ஆனமுடியின் உயரம் 2,695 மீட்டர். இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரமான சிகரம் கிடையாது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இது இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டுமே. சொந்த வண்டியை நுழைவிடத்திலேயே நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் மேலே போக வேண்டும். இறங்கியபின் சாலையிலேயே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடை. மேகம் விலகினால் ஆனமுடியின் பாறைச் சரிவு கண்ணுக்கு நேரே தெரியும்.

இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். பத்தடி தூரத்தில் வரையாடு மேய்வதை வேறெங்கும் இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மிக அதிக எண்ணிக்கையில் வாழும் இடங்களில் இரவிகுளமும் ஒன்று. பூங்காவை மூடுவதும் அதற்காகத்தான். ஆண்டின் தொடக்கத்தில் குட்டி போடும் காலம் என்பதால், பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை யாரையும் உள்ளே விடுவதில்லை. குட்டிகள் சீக்கிரம் பிறந்துவிட்டால் ஜனவரியிலேயே மூடுவதும் உண்டு. அந்தந்த ஆண்டுக்கான தேதியை வனத்துறை அறிவிக்கும். அதைப் பார்க்காமல் விடுதிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஏப்ரல் பிற்பகுதி, மே, அல்லது மழை ஓய்ந்தபின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகலாம்.

டிக்கெட்டைக் கைபேசியிலேயே எடுத்துவிடலாம். விடுமுறை நாட்களில் நுழைவிடத்தில் போய் வரிசையில் நின்றால் பாதி நாள் அங்கேயே போய்விடும். இணையத்தில் தேடும்போது ஏஜென்சிகளின் பக்கங்களும் வரும். கேரள வனத்துறை, மூணாறு வனவிலங்குக் கோட்டம் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டுங்கள். டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. இரண்டையும் டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால் அசலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள உறவினர்கள் இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. ஆனால் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தியருக்கான நுழைவுக் கட்டணமே பொருந்தும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் 4 அறிவிக்கை இதை உறுதி செய்கிறது. பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா பாஸ்போர்ட்டை மட்டும் கொண்டுவந்தால் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. ஓ.சி.ஐ. அட்டையையும் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். அதே மலைச்சாலையில்தான் நாமும் போகிறோம். புறப்படும் முந்தின நாள் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' செயலியில் இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு அல்லது ஆரஞ்சு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

மூணாறுக்கு ரயில் கிடையாது. விழுப்புரத்தில் ரயில் ஏறி மதுரை, அங்கிருந்து தேனி, போடி, போடிமெட்டு வழியாக மூணாறு போவது ஒரு வழி. உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகப் போனால் பூங்கா வாசலைத் தாண்டித்தான் மூணாறே வரும். அது யானை நடமாடும் காட்டுச்சாலை, பகலில் மட்டும் போங்கள். அப்படியே கொடைக்கானலையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால், பி.ஒய். பதிவெண் வண்டிக்குத் தமிழ்நாடு அரசின் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். மூணாறுக்கு மட்டும் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

கடற்கரைக் காற்றுக்குப் பழகிய நமக்கு மே மாதத்திலும் அங்கே குளிரும், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம். பிளாஸ்டிக் பாட்டிலும் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டும் உள்ளே கூடாது. வரையாடு பக்கத்தில் வந்து நின்றாலும் தீனி நீட்டாதீர்கள், தொடாதீர்கள்.

12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கே கடைசியாக 2018-ல் பூத்தது. அந்த ஆகஸ்ட் வெள்ளத்தால் பலரால் போய்ப் பார்க்க முடியவில்லை. அடுத்த முறை 2030. அந்த ஆண்டு டிக்கெட்டுக்குப் பெரிய போட்டி இருக்கும், இப்போதே கைபேசிக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.