எல்லைக்குள் ஓர் உச்சம்

மேடைகளில் முஸ்லிம் அறிஞர்களின் பெயர்ப்பட்டியலை நானும் வாசித்திருக்கிறேன். ஷரபுத்தீன் அத்தூஸி அதில் ஒருவர். 12ஆம் நூற்றாண்டுக் கணித மேதை. வானியலில் பெயர்பெற்ற நஸீருத்தீன் அத்தூஸி வேறொருவர். அவர் அப்படி என்னதான் செய்தார் என்று யாரும் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நான் படித்தது தமிழ் சிறப்புப் பட்டம்.

உயர்தரம் படிக்கும் மகள் ஓர் இரவு ஒரு கணக்கோடு வந்தாள். சதுர அடியுள்ள பெட்டி. அடியின் ஒரு பக்கமும் உயரமும் சேர்ந்து 30 சென்ரிமீற்றர். ஆகக்கூடிய கனவளவு எவ்வளவு?

“சமமாப் பிரிச்சா சரிதானே? 15, 15” என்றேன்.

“பெருக்கிப் பாருங்க வாப்பா” என்றாள்.

15, 15 என்றால் 3375 கன சென்ரிமீற்றர். பக்கம் 20, உயரம் 10 என்றால் 4000!

ஏன்? பக்கம் கனவளவில் இரண்டு தரம் பெருக்கப்படுகிறது. உயரம் ஒரு தரம்தான். 15, 15 இல் நிற்கும்போது பக்கத்தைச் சற்றே கூட்டினால் சென்ரிமீற்றருக்கு 450 என்ற வீதத்தில் கனவளவு ஏறும். உயரத்தைக் கூட்டினால் 225 வீதம்தான். ஆகவே உயரத்தில் எடுத்துப் பக்கத்துக்குக் கொடுப்பது இலாபம். 20, 10 ஐ அடைந்ததும் இரண்டு வீதமும் 400. இனி எதை எடுத்து எதற்குக் கொடுத்தாலும் நட்டம்தான். அதுவே உச்சம்.

மாறிகள் பலவானாலும் இதே வழியில் உச்சத்தைத் தேடலாம் என்று பொதுவிதி தந்தவர் 1736இல் தூரின் நகரில் பிறந்த லக்ராஞ்ச். அந்த 400க்கு ‘லக்ராஞ்ச் பெருக்கி’ என்று பெயர். அது எல்லையின் விலை: 30ஐ 31 ஆக்கினால் கனவளவு ஏறத்தாழ 400 கூடும்.

‘இவ்வளவுக்கு மேற்படக் கூடாது’ என்ற நிபந்தனையும் வரலாம். உயரம் 12ஐத் தாண்டக் கூடாது என்றால் நமக்குக் கவலையில்லை. நாம் நிற்பது 10இல். அந்த நிபந்தனையின் விலை பூச்சியம். 8ஐத் தாண்டக் கூடாது என்றால் உச்சம் 3872ஆக இறங்கிவிடும். இவ்வகைக்கான விதிகளை 1951இல் கூனும் டக்கரும் வெளியிட்டார்கள். 1939இலேயே கருஷ் என்ற மாணவர் தம் முதுமாணி ஆய்வேட்டில் அவற்றை எழுதியிருந்தது பின்னரே பரவலாகத் தெரியவந்தது.

இனி அத்தூஸி. ஓர் எண்ணின் வர்க்கத்தை, 30இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து வருவதால் பெருக்கினால் எந்தெந்த விடைகள் கிடைக்கும்? இந்த வகைச் சமன்பாட்டைத்தான் அவர் ஆராய்ந்தார். மூன்றில் இரண்டு பங்கில், அதாவது 20இல், உச்சம். கேட்ட விடை 4000ஐ மிஞ்சினால் தீர்வில்லை, சமமானால் ஒன்று, குறைந்தால் இரண்டு என்று நிறுவினார். மகளின் பெட்டிக்குள் இருந்தது அவருடைய கணக்கேதான்.

நுண்கணிதத்தையே அவர் கண்டுபிடித்தார் என்று நாம் மிகைப்படுத்தத் தேவையில்லை. ஆர்க்கிமிடீசும் இதே உச்சத்தை அறிந்திருந்தார். அத்தூஸி செய்ததை ஒருமுறை நாமே செய்து பார்த்தால் போதும். பட்டியலில் வெறும் பெயராயிருந்தவர் எனக்கு அன்றிரவுதான் அறிஞரானார்.