தங்கி வாழ்வோர் இல்லாதவருக்கு ஆயுள் காப்புறுதி தேவைதானா?

1961 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாக இருந்த ஆயுள் காப்புறுதி, 1980களின் பிற்பகுதியில் தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. அன்று முதல் காப்புறுதி முகவர் படியேறாத அலுவலகமோ பாடசாலையோ இல்லை எனலாம். நாம் இல்லாத நாளில் எமது பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்வியோடுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். பிள்ளைகளும் துணையும் உள்ளவரிடம் அது நியாயமான கேள்வியே. ஆனால் எவரும் தம்மில் தங்கி வாழாத ஒருவர், இருபது வருடங்களுக்கு முன்னர் எடுத்த பத்திரத்துக்கு இன்றும் மாதாந்தம் பணம் செலுத்தி வருகின்றாரெனில், அவர் எதற்காகச் செலுத்துகின்றார் என்பது சிந்தனைக்குரியது.

இத்தகையோர் எமது சமூகங்களில் சொற்ப தொகையினர் அல்லர். உடன்பிறந்தாரைக் கரைசேர்க்கும் பொருட்டு மணம் செய்யாதே வாழ்ந்துவிட்ட ஆசிரியைகள் வடக்கிலும் கிழக்கிலும் அநேகர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் தம் காலில் நிற்க, ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் உளர். போரிலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையிலும் குடும்பத்தை முழுமையாக இழந்தோரும் உளர். இவர்கள் அனைவருக்கும் ஒரே விடையைக் கூறிவிட முடியாது.

முதலில், தங்கி வாழ்வோர் என்ற சொல்லைச் சற்று அகலமாக நோக்க வேண்டும். மனைவி மக்கள் இல்லை என்பதனால் எமது மரணத்தால் எவருக்கும் நட்டமில்லை என்று ஆகிவிடாது. இங்கு வங்கிக் கடன் பெறுவோர் பெரும்பாலும் சக ஊழியர் இருவரையாவது பிணை நிறுத்துகின்றனர். கடனாளி இறந்துவிட்டால், அக்கடனுக்கெனத் தனியாகக் காப்புறுதி எடுக்கப்பட்டிராதவிடத்து, வங்கி பிணையாளியின் வாசலுக்கு வரும். பிணைக் கையெழுத்திட்ட அந்த நண்பரும் ஒரு வகையில் எம்மில் தங்கியிருப்பவரே. வயது முதிர்ந்த தாய், உழைக்க இயலாத சகோதரன் ஆகியோரின் நிலையும் அதுவே. இப்படி ஒருவரேனும் இருப்பின், அந்தப் பொறுப்பு நீங்கும் வரை பத்திரத்தை வைத்திருப்பதே முறையாகும்.

ஈமச் செலவுக்காகக் காப்புறுதி வேண்டும் என்று கூறுவோரும் உண்டு. ஊர்தோறும் இயங்கும் மரண சகாய சங்கங்கள் சிறு சந்தாவில் அச்செலவின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. ஜனாஸா நல்லடக்கமோ பள்ளிவாசலின் ஒத்துழைப்போடு எளிமையாகவே நிறைவுறுகின்றது. இதற்கென்று இலட்சக்கணக்கில் காப்புறுதி வைத்திருப்பது வீண் என்பதே எமது கருத்து.

அடுத்து, பத்திரத்தை எடுத்து நிதானமாக வாசிக்க வேண்டும். ஆயுள் காப்புறுதி என்று நாம் பொதுவாக அழைக்கும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு விடயங்கள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டுள்ளன. இறந்தால் பிறருக்குக் கிடைப்பது ஒன்று. முதிர்வுக் காலம் வரை உயிரோடிருந்தால் எமக்கே கிடைக்கும் சேமிப்பு மற்றொன்று. வைத்தியசாலைச் செலவு, கடும் நோய், அங்கவீனம் ஆகியவற்றுக்கான மேலதிக அனுகூலங்கள் மூன்றாவது. தங்கி வாழ்வோர் இல்லாதவருக்குத் தேவையற்றுப் போவது இவற்றில் முதலாவது மாத்திரமே. மற்றைய இரண்டும் அவருக்கே உரியவை.

சேமிப்பின் கணக்கு எவ்வாறு அமைகின்றது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். 20 வருடப் பத்திரமொன்றுக்கு மாதம் 5,000 ரூபா வீதம் 11 வருடங்கள் செலுத்தியவரின் பணம் 6,60,000 ரூபா. இன்று பத்திரத்தை ஒப்படைத்தால் 5,20,000 ரூபா தருவதாகவும், இறுதி வரை செலுத்தினால் முதிர்வில் 18 இலட்சம் அளவில் கிடைக்கலாம் எனவும் கம்பனி கூறுகின்றது என வைத்துக்கொள்வோம். ஒப்படைத்தால் 1,40,000 ரூபா நட்டம் என்று பலர் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். அப்பணத்தின் பெரும்பகுதி முகவரின் தரகாகவும் கம்பனியின் செலவாகவும் ஆரம்ப வருடங்களிலேயே போய்விட்டது. இன்று என்ன முடிவெடுத்தாலும் அது திரும்பப் போவதில்லை.

ஆகவே கணக்கை இன்றிலிருந்து முன்னோக்கியே பார்க்க வேண்டும். கைக்கு வரும் 5,20,000 ரூபாவையும், இனிவரும் 9 வருடங்களுக்கு மாதாந்தம் 5,000 ரூபாவையும் வேறிடத்தில் வைப்பிலிட்டு வருடம் 8 வீத வருமானம் பெற்றால், முடிவில் ஏறத்தாழ 18 இலட்சம் சேரும். 6 வீதமே கிடைத்தால் 16 இலட்சத்தைத் தாண்டாது. அதாவது இவ்வெடுத்துக்காட்டில், வரி கழித்த பின்னர் 8 வீதத்துக்கு மேல் நிச்சயமாகப் பெறக்கூடியவருக்கே ஒப்படைப்பது இலாபம். வட்டியிலிருந்து கழிக்கப்படும் வரி 2025 ஏப்ரலில் 10 வீதமாக உயர்த்தப்பட்டதையும் இங்கு மறந்துவிடலாகாது.

2022 இன் நெருக்கடி எமக்குக் கற்பித்ததும் உண்டு. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2000 ஆம் ஆண்டில் 80 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபாவையும் கடந்தது. அன்று பெருந்தொகையாகத் தோன்றிய ஐந்து இலட்சம் ரூபாக் காப்புறுதி இன்று எதற்குப் போதும் என்பதை வாசகர் அறிவர். மறுபுறம், அப்போது 20 வீதத்தையும் தாண்டிய வைப்பு வட்டியைக் கண்டு மயங்கிப் பத்திரங்களை ஒப்படைத்தவர்கள், இரண்டு வருடங்களுக்குள் அவ்வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதையும் கண்டனர்.

ஒப்படைப்பதா, தொடர்வதா என்ற இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்றும் உண்டு. முகவர்கள் இதனை அதிகம் எடுத்துரைப்பதில்லை. குறித்த காலம், பெரும்பாலும் மூன்று வருடங்கள், பணம் செலுத்தப்பட்ட சேமிப்புப் பத்திரமாயின், இனிமேல் எதுவும் செலுத்தாது குறைந்த தொகைக்கு அதனை முதிர்வு வரை நடைமுறையில் வைத்திருக்கலாம். 12 இலட்சம் ரூபாப் பத்திரத்துக்கு 20 இல் 11 வருடங்கள் செலுத்தியிருந்தால், பொதுவாக 6,60,000 ரூபாவும் அதுவரை சேர்ந்த மிகையூதியமும் முதிர்வில் கிடைக்கும். எவருக்கும் அறிவிக்காமல் பணம் செலுத்துவதை நிறுத்திவிடுவது மட்டும் கூடவே கூடாது. சில ஒப்பந்தங்களில், தவறிய தவணைகள் பத்திரத்தின் பெறுமதியிலிருந்தே கடனாகக் கழிக்கப்பட்டு, இறுதியில் எதுவும் மிஞ்சாது போய்விடுகின்றது.

மூன்றாவது விடயமான நோய்க் காப்பே தனித்து வாழ்பவருக்கு மிக முக்கியமானது என்பது எமது துணிபு. படுக்கையில் வீழ்ந்தால் பார்ப்பதற்குப் பிள்ளைகள் இல்லாதவர், கூலிக்கு ஆள் வைத்தே காலம் தள்ள வேண்டியிருக்கும். அரசாங்க ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதியேனும் உண்டு. தனியார் துறையினர் பலருக்கு அதுவும் இல்லை. மேலதிக அனுகூலங்கள் மூலப் பத்திரத்தோடு பிணைக்கப்பட்டவை. மூலப் பத்திரம் ஒப்படைக்கப்பட்டாலும், தவணை நிறுத்தப்பட்டுக் குறைக்கப்பட்டாலும் அவையும் பொதுவாக முடிவுறும். ஐம்பது வயதில் நீரிழிவோடும் இரத்த அழுத்தத்தோடும் புதிதாக விண்ணப்பிப்பவரைக் கம்பனிகள் முன்போல் வரவேற்பதில்லை. ஏற்றாலும் இருக்கின்ற நோய்களை விலக்கிவிட்டே ஏற்கின்றன. எனவே வேறு நோய்க் காப்பு கையில் கிடைக்கும் வரை பழையதைக் கைவிடலாகாது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் மார்க்க ரீதியான பரிமாணமும் உண்டு. வர்த்தக ரீதியான காப்புறுதி ஆகாது என்றும் பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்புறுதி ஆகும் என்றும் ஜித்தாவைத் தளமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1985 இல் தீர்மானித்தது. அவ்வழியில் அமைந்த தகாபுல் முறையில், செலுத்தும் தொகையின் ஒரு பகுதி ஏனைய அங்கத்தவரின் துயர் துடைக்கும் நன்கொடையாகவே கருதப்படுகின்றது. தனக்கென வாரிசை எதிர்பார்க்காதவருக்கும் அதில் இணைந்திருப்பதற்கு அர்த்தம் உண்டு என்பதே இதன் பொருள். ஆயினும் மேற்கூறிய முன்னோக்கிய கணக்கு தகாபுல் பத்திரத்துக்கும் பொருந்தும். வட்டிக் கணக்கின் இடத்தில் இலாபப் பங்கீட்டுக் கணக்கின் வருமானத்தை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பத்திரத்தைத் தொடர்வது என்று முடிவெடுப்பவர், அதில் பின்னுரித்தாளராக எவரது பெயர் உள்ளது என்பதை இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடங்களுக்கு முன்னர் குறிக்கப்பட்ட தாயின் பெயர், அவர் மறைந்த பின்னரும் அப்படியே கிடக்கும் பத்திரங்கள் பல. அந்நிலையில் பணம் இறந்தவரின் ஆதனத்தோடு சேர்ந்து, நீதிமன்றப் படிகளையும் ஏற வேண்டி நேரிடலாம். வடபகுதித் தமிழருக்குத் தேசவழமையும், முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியாக அவர்தம் மார்க்க வாரிசுரிமையும் ஏற்புடையனவாதலால், தூரத்து உறவினரும் பங்காளிகளாக வரக்கூடும். ஒரு பாடசாலைக்கோ அநாதை இல்லத்துக்கோ கொடுக்க விரும்புபவர், அதனை எழுத்தில் வைப்பது நல்லது. முஸ்லிம் ஒருவர் வாரிசல்லாதோருக்கு வஸிய்யத் செய்யக்கூடியது சொத்தின் மூன்றில் ஒரு பங்கு வரையே.

முடிவெடுக்கும் முன்னர் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இன்றைய ஒப்படைப்புப் பெறுமதி, தவணையை நிறுத்தினால் எஞ்சும் தொகை, இதுவரை உறுதியாகச் சேர்ந்துள்ள மிகையூதியம், முடிவுறும் அனுகூலங்கள் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். முகவரின் வாய்மொழி இதற்குப் போதாது. கம்பனி பதில் தரத் தவறினால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.