கருப்பநீருக்கான சுண்ணாம்பை வீட்டிற் காத்து வைத்தல்

பனம்பாளையினின்று சொட்டும் நீர் பிறக்கும்போதே இனிப்புடையது. அதன் நூறு பங்கில் ஏறத்தாழப் 10 முதல் 12 பங்கு சர்க்கரையாகும். ஆயினும் அவ்வினிமை சில மணி நேரமே நிற்கும். காற்றிலும் பாளையிலும் முட்டியின் சுவரிலும் வாழும் மதுவம் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை மதுசாரமாக்கிவிடும். பின்னர் வேறு நுண்ணுயிர்கள் அம்மதுசாரத்தைக் காடியாக்கும். மாலையிற் கட்டிய முட்டியைக் காலையில் இறக்கும்போது அதிலிருப்பது சிறுவர்க்கும் கொடுக்கத்தக்க கருப்பநீரா, கள்ளா என்பதைத் தீர்ப்பது முட்டியின் உட்புறத்தே பூசிய சுண்ணாம்பேயாம். இவ்வளவும் யாவரும் அறிந்ததே. அச்சுண்ணாம்பும் கெட்டுப்போகும் பண்டம் என்பதையோ பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேனாட்டார் பியர் வடிக்குமிடத்து ஹொப் என்னும் கொடியின் பூவைச் சேர்ப்பர். பவேரியா நாட்டில் 1516ஆம் ஆண்டு பிறந்த சட்டம் வாற்கோதுமை, ஹொப், நீர் என்னும் மூன்றையன்றிப் பிறிதொன்றையும் பியரிற் சேர்த்தலாகாது என விதித்தது. அப்பூவிலுள்ள கசப்புப் பிசின் புளிப்பிக்கும் பற்றீரியங்களை அடக்கும். ஆனால், காற்றும் வெப்பமும் ஒளியும் பட்டால் அப்பிசின் வலியிழக்கும். பழம்பூ பாற்கட்டி நாற்றமும் வீசும். ஆகையால் வீட்டில் வடிப்போர் அதனைக் காற்றுப் புகாத உறையிலிட்டு உறைகுளிரில் வைப்பர். நம் நாட்டின் தென்பாகத்தில் கித்துள் பாணி காய்ச்சுவோர் ஹல் மரப்பட்டையை முட்டியிலிட்டு நொதித்தலைத் தடுப்பர். யாழ்ப்பாணத்தார்க்குச் சுண்ணாம்பே அந்த ஹொப்பும் பட்டையுமாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: ஹொப் மதுவத்தைத் தன் தொழில் செய்ய விட்டுப் புளிப்பை மாத்திரம் விலக்கும், சுண்ணாம்போ மதுவத்தையே செயலற்றதாக்கும்.

சுண்ணாம்பு எங்ஙனம் கெடுகின்றது? சிப்பியும் முருகைக்கல்லும் பெரும்பாலும் கல்சியங் காபனேற்று ஆகும். சூளையிற் சுடும்போது அதனின்று காபனீரொட்சைட்டு வாயு நீங்கும். 100 இறாத்தல் தூய கல் 56 இறாத்தல் சுட்ட சுண்ணாம்பாகும். அதனை நீரில் நீற்றினால் 74 இறாத்தல் நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும். இதுவே காரமுடையது, முட்டியில் வேண்டப்படுவதும் இதுவே. இது திறந்து கிடப்பின், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாய் உட்கொண்டு மீண்டும் 100 இறாத்தற் கல்லாகிவிடும். எடின்பரோவைச் சேர்ந்த யோசேப்பு பிளாக்கு 1756இல் வெளியிட்ட ஆய்வினால் இம்மாற்றங்களை விளக்கினார். தெளிந்த சுண்ணாம்பு நீரிற் பப்பாசிக் குழலால் ஊதினால் நீர் பால்போலாவதைக் கண்ட மாணவர் இதனையே கண்டவராவர். கெட்ட சுண்ணாம்பும் வெண்மையாகவே இருத்தலால் கண் ஏமாறும்.

மண்டைதீவு போன்ற இடத்தில் இக்கேடு விரைந்து வரும். நாற்புறமும் கடல், காற்றில் எப்போதும் ஈரம். உலர்ந்த பொடியைக் கடதாசிப் பையிலோ ஓலைப் பெட்டியிலோ வைத்தால் ஈரமும் வாயுவும் ஒருங்கே அதனுட் புகும். ஆகவே பொடியாக வைத்தலினும் நீரின்கீழ்க் களியாக வைத்தலே நன்று. வாயொடுங்கிய பீங்கான் சாடி மிகவும் ஏற்றது. மண்பானையாயின் நீர் கசிந்து வற்றுமாதலால் வாரத்துக்கொருமுறை பார்த்து நீர் விடுதல் வேண்டும். சுட்ட சுண்ணாம்பை வேறொரு பானையில் நிறைய நீர் வைத்துச் சிறிது சிறிதாக அதிலிட்டு நீற்றி, முற்றும் ஆறியபின் துணியால் வடித்துச் சாடியிலிட்டு, களியின்மேல் நான்கு விரற்கடை நீர் நிற்குமாறு விடுக. சில நாளில் நீரின்மேல் மெல்லிய ஏடு படரும். அது நீரிற் கரைந்த சுண்ணாம்பு காற்றைத் தொட்டுக் கல்லானது. கீழுள்ளதற்கு அதுவே ஒரு மூடியாதலால் வீணே கலக்கி உடைத்தல் தகாது. ஓரத்தே ஒதுக்கி, மர அகப்பையால் அடியிலிருந்து எடுத்தல் வேண்டும். இவ்வாறு வைத்த களி ஆண்டுக்கணக்கிற் கெடாது. மூன்று ஆண்டுக்கு உட்பட்ட சுண்ணாம்பைக் கட்டடத்திற்கு வழங்கலாகாதெனப் பண்டை உரோமர் விதித்ததாகப் பிளினி எழுதியிருக்கின்றார். ஹொப் நாட்செல்லத் தேயும். நீரின்கீழ்க் கிடக்கும் சுண்ணாம்பு நாட்செல்ல மென்மையுறும்.

அலுமினியப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பு அதனை அரிக்கும். நீற்றாத கல்லை இறுக மூடிய தகரத்தில் வைப்பதும் ஆபத்தே. ஈரம் புகின் அது வெம்மையுற்றுப் பருத்துத் தகரத்தைப் பிளக்கும்.

பயன்படுத்துமுன் சோதித்தல் எளிது. மஞ்சளை நீரிற் குழைத்து ஒரு துளி சுண்ணாம்பு சேர்க்க. ஆலாத்தி நீரிற் காணும் செம்மை உடனே தோன்றின் சுண்ணாம்பு நன்று, மங்கலாயின் ஐயுறுக. தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டுப் பார்ப்பது அடுத்த சோதனை. நுரைத்துப் பொங்கினால் அது பெரும்பாலும் கல்லாகிவிட்டது.

இவ்வளவு கவனம் எதற்கெனின், நட்டம் பனங்கட்டியில் வந்து விழும். வலியற்ற சுண்ணாம்பு பூசிய முட்டியில் நீர் சற்றே புளிக்க, சுக்குரோசு குளுக்கோசும் பிறட்டோசுமாகப் பிரியும். அந்நீரை எவ்வளவு காய்ச்சினும் குட்டானில் இறுகாது, பாகாய்க் கசியும். விறகும் உழைப்பும் வீணாம். இதற்கு அஞ்சிச் சுண்ணாம்பை மிகையாய்ப் பூசுவோரும் உளர். அவர்தம் பனங்கட்டி கறுத்துக் காரச்சுவை பெறும். நல்ல சுண்ணாம்பாயின் சிறிதளவே போதும்.

மண்டைதீவு மக்கள் 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஊரைவிட்டு நீங்கியபோது எடுத்துச் செல்ல இயலாதவற்றுள் இத்தகைய பானைகளும் அடங்கும். ஆண்டுகள் பல கழிந்து மீண்டவர், எஞ்சிய பனைகளைக் கண்டனர். சாடியைப் பேணும் பழக்கமோ மூத்தோர் சிலரிடமே எஞ்சியிருக்கின்றது. கடையிற் பொலித்தீன் பையில் விற்கும் வெள்ளையடிக்கும் பொடியை வாங்கி முட்டியிற் பூசுதல் அதற்கு ஈடாகாது. அதில் நீலமும் பசையும் கலந்திருத்தல் கூடும். எந்நாளிற் சுட்டதென்பதும் தெரியாது. வெற்றிலைக்கு விற்கும் கலப்பற்ற சுண்ணாம்பை வாங்கி, மேற்கூறியவாறு சோதித்துச் சாடியிலிடுக.

சாடி சிறுவர்க்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். நீற்றும்போது முகத்தைப் பானைக்கு நேரே நீட்டலாகாது. கண்ணிற் பட்டால் தேய்க்காமல் தூய நீரால் 20 நிமிடமேனும் இடைவிடாது கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.